கடைசி ஐந்து நிமிடம்

எங்களுக்குப் படிப்பித்த சேர் காலமாகிவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். ஒரு கால் சப்பாத்து நாடாவைக் கட்டியாயிற்று. மற்றதைக் கட்ட அரை மணி நேரம் எடுத்தது. அவருடைய நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லிப் பழைய மாணவர் சங்கத்தில் கேட்டார்கள். அந்தக் கடைசி ஐந்து நிமிடத்தைத் தவிர வேறொன்றும் நினைவில் வந்து நிற்கவில்லை.

எங்கள் வகுப்புக்காரருக்கு விளக்கத் தேவையில்லை. கடைசி மணிக்கு முன்னர் கொப்பியைப் பின்பக்கமாகத் திருப்புவோம். மூன்று வரி: இன்று எது நல்லாக நடந்தது, எங்கே பிழைவிட்டேன், நாளைக்கு என்ன செய்யப்போகிறேன். நாங்கள் எழுதி முடிக்கும்வரை சேர் எங்களைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பி நிற்பார், கையில் வெண்கட்டித் தூளோடு. ரோமாபுரியின் தத்துவஞானி செனெக்காவைப் பற்றி அவர் சொன்னது இன்றும் அவர் குரலிலேயே கேட்கிறது. இரவில் விளக்கை அணைத்த பிறகு, கணவனின் வழக்கம் தெரிந்த மனைவி பேசாமல் இருக்க, செனெக்கா அன்றைய நாள் முழுவதையும் ஒன்றும் ஒளிக்காமல் விசாரித்துப் பார்ப்பாராம். பிழை கண்டால், "இனி இப்படிச் செய்யாதே, இந்த முறை மன்னிக்கிறேன்" என்று தனக்குத் தானே சொல்வாராம். அந்த "மன்னிக்கிறேன்" என்ற இடத்தில் சேர் எப்போதும் சற்று நிறுத்துவார்.

நான் ஒரு திங்கட்கிழமையே வெள்ளி வரைக்கும் எழுதி முடித்திருந்தேன். அன்றைக்கென்று பார்த்து என் கொப்பியை எடுத்தார். எழும்பி வாசிக்கச் சொன்னார். வியாழக்கிழமைப் பந்தியை வாசித்தேன்: "இன்று கணக்குச் சோதனை நன்றாகச் செய்தேன்." வகுப்பே சிரித்தது. காது இரண்டும் கொதித்தன. சிரிப்பு அடங்கும்வரை சேர் பொறுத்திருந்தார். பிறகு கொப்பியை மூடி இரண்டு கையாலும் என்னிடம் தந்தார்.

"வாழாத நாளை எழுதாதையும், தம்பி. எழுத ஒண்டும் இல்லையெண்டால் திகதியை மட்டும் போட்டுவிடும். இனி நான் உம்மட கொப்பியைப் பார்க்கமாட்டன்."

சொன்னபடியே அவர் பிறகு பார்க்கவில்லை. அடித்திருந்தால் மறந்திருப்பேன். அவர் என்னை நம்பிக் கொப்பியைத் திருப்பித் தந்ததை அப்போது தண்டனை என்றே எண்ணினேன்.

படிப்பு முடிந்த கையோடு புறப்பட்டு வந்துவிட்டேன். அவரிடம் சொல்லிக்கொள்ளவும் போகவில்லை. இருபது வருடத்துக்கு மேல் அந்த மூன்று வரியைத் தொடவில்லை. நித்திரை வராத ஓர் இரவில், மகள் பாதியில் விட்ட பயிற்சிக் கொப்பியொன்று மேசையில் கிடந்தது. அதன் பின்பக்கத்தைத் திருப்பினேன். நாலு நாள் எழுதுவேன், ஐந்தாம் நாள் தவறும், எல்லாம் போயிற்று என்று விட்டுவிடுவேன். 2009-இல் வெளியான ஓர் ஆய்வைப் பின்னொரு நாள் வாசித்தேன். லண்டனில் 96 பேரைக் கவனித்து, ஒரு பழக்கம் தானாக நடக்கத் தொடங்குவதற்கு 18 முதல் 254 நாள் வரை, நடுவாக 66 நாள் எடுக்கும் என்று கணித்திருந்தார்கள். இடையில் ஒரு நாள் தவறினால் பெரிதாக ஒன்றும் கெடாது என்றும் அதில் இருந்தது. சேர் அதை "திகதியை மட்டும் போட்டுவிடும்" என்று எப்போதோ சொல்லிவிட்டார். அதற்குப் பிறகுதான் பழக்கம் நின்று பிடித்தது.

பழைய கொப்பிகளைப் புரட்டும்போது ஒன்று தெரிகிறது. புது வீடு இரண்டு கிழமைதான் முதல் வரியில் இருந்தது. பதவி உயர்வு மூன்று நாள். திரும்பத் திரும்ப வருவன வேறு: வேலை முடிந்து நடந்து வந்தது, மனைவி கழுவ நான் கோப்பைகளைத் துடைத்தது, காரணமில்லாமல் மகள் தொலைபேசி எடுத்தது. எதைத் தேடி இவ்வளவு தூரம் வந்தேனோ அதைவிட, தேடாமல் கிடைத்தவைதான் என்னை நிறைவாக வைத்திருக்கின்றன. எழுதியிராவிட்டால் இது எனக்குத் தெரிந்தே இராது. இதை அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

மூன்றாம் வரியைப் பற்றியும் மறைக்காமல் சொல்கிறேன். "நாளை சேருக்குக் கடிதம்." அந்த வரி ஒன்பது கொப்பிகளில் பதினொரு இடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் மனதார எழுதியதுதான். எழுதியதும் மனம் ஆறிவிடும், கடிதம் போட்டுவிட்டவன் போல. அந்த ஆறுதலைத்தான் நான் விசாரிக்காமல் விட்டேன்.

செய்தி வந்த அன்றிரவும் கொப்பியை எடுத்தேன். பேனா மூடியைக் கழற்றி வெகுநேரம் இருந்தேன். அந்தப் பக்கத்தில் திகதி மட்டும் இருக்கிறது.