பிள்ளைக்குப் பேச்சுச் செயலி தேடும்போது நான் பார்ப்பவை

பேச்சு சரியாக வராத பிள்ளைக்கு எந்தச் செயலியை இறக்கிக் கொடுக்கலாம் என்று பாம்பனிலும் மண்டபத்திலும் உள்ள தாய்மார்கள் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடுவது நல்லது என்று தோன்றியது.

என் மகனுக்கு நான்கு வயது. அவனுக்கு இருப்பது குழந்தைப் பருவப் பேச்சு அப்ராக்ஸியா. சொல்ல வேண்டிய சொல் அவன் மனத்தில் தெளிவாக இருக்கிறது, நாக்கிலோ உதட்டிலோ தசைத் தளர்ச்சியும் இல்லை. ஆனால் எந்த அசைவுக்குப் பின் எந்த அசைவு வரவேண்டும் என்று மூளை வகுத்துக் கொடுக்கும் ஒழுங்கு தடுமாறுகிறது. அதனால் காலையில் ஒருவிதமாகச் சொன்ன சொல்லை மாலையில் வேறுவிதமாகச் சொல்வான். திக்குகிற பிள்ளைக்கும், காது கேளாததால் பேச்சு வராத பிள்ளைக்கும், ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கும் தேவைப்படுவது வேறு வேறு. ஆகவே செயலியைத் தேடுவதற்கு முன் செவித்திறன் சோதனையும், பேச்சுப் பயிற்சியாளர் ஒருவரின் மதிப்பீடும் முடிந்திருக்க வேண்டும். குழந்தைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் அரசுத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே.-யின் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வரும்போது சொன்னால் அவர்களே மேற்பரிசோதனைக்கு அனுப்பி வைப்பார்கள். 2013-இல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் வளர்ச்சித் தாமதத்தைக் கண்டறிவதும் அடங்கும். அந்தச் சேவைக்குக் கட்டணம் இல்லை. பயிற்சியாளரைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்றவரா என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

செயலிகளில் இரண்டு வகை உண்டு. இவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் பணத்தையும் மாதங்களையும் இழக்கிறார்கள். ஒரு வகை ஒலியைப் பழக்குவது: படம் வரும், சொல் ஒலிக்கும், பிள்ளை திருப்பிச் சொல்ல வேண்டும். ஆர்ட்டிகுலேஷன் ஸ்டேஷன், ஸ்பீச் ப்ளப்ஸ் போன்றவை இந்த வகை. மற்றொரு வகை, வாய்ப்பேச்சு போதாத பிள்ளை தன் தேவையைச் சொல்ல உதவுவது: படத்தைத் தொட்டால் செயலி அந்தச் சொல்லை உரக்கச் சொல்லும். சென்னையில் உருவான ஆவாஸும், ஐ.ஐ.டி. பம்பாயில் உருவாக்கப்பட்டு இலவசமாகக் கிடைக்கும் ஜெலோவும் இந்த வகை. எங்கள் வீட்டில் இரண்டுக்கும் இடம் இருக்கிறது. இருந்தாலும் இப்போது ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால், இரண்டாவது வகையையே வாங்கச் சொல்வேன். ஒலி திருந்த ஆண்டுகள் ஆகலாம். தாகம் என்று சொல்ல ஒரு பிள்ளை அத்தனை காலம் காத்திருக்க முடியாது.

படத்தைத் தொட்டுப் பழகிவிட்டால் பிள்ளை வாயைத் திறக்கவே மாட்டானே என்று எங்கள் வீட்டில் ஐயாவும் அப்பத்தாவும் அஞ்சினார்கள். அஞ்சியது நியாயம்தான். ஆனால் இதுபற்றி நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2006-இல் வெளியான கட்டுரை ஒன்றில், நம்பத்தக்க சான்று இருந்த 27 பேரில் ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை; 89 விழுக்காட்டினருக்குப் பேச்சு கூடியிருந்தது, பெரும்பாலும் சிறிய அளவில். என் மகனிடமும் படத்தைத் தொட்டுவிட்டு, செயலி சொல்லும்போதே கூடவே முணுமுணுக்கும் வழக்கம் தானாக வந்தது.

ஒலிப் பயிற்சிச் செயலிகளில் எனக்குள்ள பெரிய மனக்குறை, அவற்றில் மிகப் பெரும்பாலானவை ஆங்கிலத்துக்காகச் செய்யப்பட்டவை என்பது. ஆங்கிலச் சொற்களின் முடிவில் வரும் மெய்யெழுத்துகளையும், சொல்லின் தொடக்கத்தில் மெய்கள் அடுக்கி வருவதையும் அவை விரிவாகப் பழக்குகின்றன; நம் பிள்ளைக்கு அன்றாடம் தேவைப்படும் குறில் நெடில் வேறுபாட்டுக்கோ, ‘பாடி’ என்பதற்கும் ‘பாட்டி’ என்பதற்கும் இடையிலுள்ள அழுத்தத்துக்கோ, ணகர ளகரங்களுக்கோ அவற்றில் இடமே இல்லை. அப்ராக்ஸியா உள்ள பிள்ளைகளுக்கு உயிரொலிகளும் பிறழக்கூடும் என்பதால், நெடிலை நீட்டவும் குறிலைக் குறுக்கவும் கற்பது எங்களுக்குப் பயிற்சியின் மையமாக இருக்கிறது. படங்களோ, பனியில் சறுக்கும் வண்டியும் அணிலைப் போன்ற ஏதோ விலங்கும். அவற்றின் பெயரைச் சொல்லக் கற்றுக்கொண்டு என் பிள்ளை யாரிடம் போய்ப் பேசுவான்?

அதனால், நம் சொல்லையும் நம் நிழற்படத்தையும் நம் குரலையும் உள்ளே வைக்க இடம் கொடுக்கிறதா என்பதைத்தான் ஒரு செயலியைத் திறந்தவுடன் பார்க்கிறேன். எத்தனை ஆயிரம் படங்கள் இருக்கின்றன, எத்தனை விளையாட்டுகள் இருக்கின்றன என்பதெல்லாம் அதற்குப் பின்னால்தான். எங்கள் செயலியில் முதல் பக்கத்தில் இருப்பவை தண்ணி, வேணாம், இன்னும், அப்பத்தா, நண்டு, பாலம். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டதிலிருந்து அவன் உலகத்தில் அதைவிடப் பெரிய செய்தி இல்லை. நடுப்பகுதி அப்படியே மேலே எழும் என்பதால் ‘பாலம்’ என்ற சொல்லைச் சொல்ல அவனுக்கு எப்போதும் ஒரு காரணம் இருக்கிறது. பகரம் உதட்டில் தெரியும், ஆகாரத்துக்கு வாய் நன்றாகத் திறக்கும், மகரத்தில் உதடு மறுபடி மூடும். பார்த்துப் பழக இதைவிட நல்ல சொல் கிடைக்காது என்று பயிற்சியாளரே மகிழ்ந்தார். வாயின் அசைவை அவன் பார்க்க வேண்டும் என்பதால் என் முகத்தை அருகில் வைத்து மெதுவாகச் சொல்லிப் பதிந்த சிறு காணொளியையும் தொலைபேசியில் தனியாக வைத்திருக்கிறேன்.

குரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். செயலியோடு வரும் தமிழ்க் குரல் ‘எனக்குத் தண்ணீர் வேண்டும்’ என்று செய்தி வாசிப்பதுபோல் சொல்லும். எங்கள் தெருவில் எந்தப் பிள்ளையும் அப்படிப் பேசுவதில்லை. பெரியப்பா மகனுக்கு ஒன்பது வயது. அவனை உட்கார வைத்து ‘தண்ணி வேணும்’, ‘நானும் வாரேன்’, ‘எனக்குத் தா’ என்று அவன் பேசுகிற மாதிரியே சொல்லச் சொல்லிப் பதிந்தோம். அண்ணனின் குரல் கேட்டதும் என் மகன் முகத்தை நிமிர்த்தி அதே ஏற்ற இறக்கத்தில் சொல்ல முயன்றான். சொல்லின் இசையும் அப்ராக்ஸியாவில் குலைவதால் இது சிறிய ஆதாயம் இல்லை.

ஒலிவாங்கி வழியாகக் கேட்டுப் பரிசு தரும் செயலிகளை நான் நம்புவதில்லை. அப்படி ஒன்றை ஆனி மாதத்தில் கச்சான் காற்று அடிக்கும் வாசலில் வைத்துப் பார்த்தேன். பிள்ளை பேசாமல் இருக்கும்போதே காற்றின் இரைச்சலுக்கு நட்சத்திரங்கள் விழுந்தன. தவறான ஒலிக்கும் சரியான ஒலிக்கும் ஒரே கைத்தட்டல் கிடைத்தால், பிள்ளை தவறையே உறுதியாகப் பழகிக்கொள்வான். சொன்னது சரியா என்று தீர்மானிக்கும் காது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவருடையதாகத்தான் இருக்க வேண்டும். எங்கள் பயிற்சியாளர் சொன்னதும் இதுவே: “போனைக் கையில கொடுத்துட்டு நீங்க அடுப்படிக்குப் போயிடாதீங்கம்மா. ஒரு தடவைக்கு அஞ்சு நிமிஷம் போதும், ஆனா நீங்க கூட இருக்கணும்.” குறைந்த நேரம், ஒரு நாளில் பல முறை, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப என்பதுதான் அப்ராக்ஸியாவுக்கு ஏற்ற முறை. இரண்டு முதல் ஐந்து வயது வரை திரை நேரம் நாளொன்றுக்கு ஒரு மணிக்கு மேல் போகக் கூடாது என்று இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் சொல்வதோடும் இது ஒத்துப்போகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் அவன் அப்பா வீட்டில் இருப்பதால், அந்த 61 நாள்களும் பயிற்சிக்கு இன்னொரு ஆள் கிடைக்கிறார்.

பணம் கட்டும் முன் இரண்டைச் சோதித்துவிடுங்கள். இணையத்தை அணைத்துவிட்டுச் செயலியைத் திறந்து பாருங்கள்; புயல் சின்னம் என்றால் எங்கள் பக்கம் சிக்னல் போய்விடும், பிள்ளையின் பேச்சு அதோடு போய்விடக் கூடாது. அடுத்து, இலவச நாள்கள் முடிந்ததும் ஆண்டுச் சந்தா தானாகப் பிடிக்கப்படுமா என்று பாருங்கள். எங்களிடம் ஒரு நிறுவனம் அப்படிப் பிடித்த தொகையை மீட்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பதிந்த சொற்களையும் படங்களையும் நகலெடுத்து வைக்கும் வசதி இருந்தால் மிக நல்லது. உப்புக் காற்றில் தொலைபேசிகள் நீண்ட நாள் உழைப்பதில்லை.

வரும் ஜூனில் அவனைப் பள்ளியில் சேர்க்கிறோம். வகுப்பறைக்குள் தொலைபேசி கொண்டுபோக முடியாது என்பதால், செயலியின் முதல் மூன்று பக்கங்களை அதே வரிசையில் அச்சிட்டு, லேமினேட் செய்து, வளையத்தில் கோத்துப் பைக்குள் வைக்கப் போகிறோம். டீச்சருக்கும் ஒரு பிரதி உண்டு. அதில் ‘பாத்ரூம் போகணும்’, ‘புரியல’, ‘மறுபடி சொல்லுங்க’ என்ற மூன்றையும் முதல் வரியில் சேர்த்திருக்கிறேன்.