ரமோன்ஸ் படக்கதை: ஆறு பக்கம் முடிந்தது

நியூயார்க்கின் ரமோன்ஸ் என்ற பங்க் ராக் இசைக்குழுவின் கதையைப் பன்னிரண்டு பக்கத்தில் வரைய உட்கார்ந்து ஐந்து வாரம் ஆகிறது. கறுப்பு மை, பிரஷ், ஏ4 தாள். வண்ணம் வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டேன்.

1974-ல் குவீன்ஸின் ஃபாரஸ்ட் ஹில்ஸில் குழு உருவானது, உறவே இல்லாத நால்வரும் ரமோன் என்று ஒரே குடும்பப் பெயர் வைத்துக்கொண்டது, அதே ஆகஸ்டில் சிபிஜிபி கிளப்பில் மேடையேறியது எல்லாம் மூன்று பக்கத்தில் அடங்கிவிட்டன.

நாலாம் பக்கத்தில்தான் மாட்டிக்கொண்டேன். 1976-ல் வந்த முதல் ஆல்பத்துக்கு ராபர்ட்டா பேலி எடுத்த அட்டைப்படம்: செங்கல் சுவர், தோல் ஜாக்கெட், முட்டி கிழிந்த ஜீன்ஸ். பாடகர் ஜோயி 6 அடி 6 அங்குலம், டிரம்ஸ் வாசிக்கும் டாமி நல்ல குட்டை. அளவு பார்த்து அப்படியே வரைந்தால் ஜோயி தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கிறார். மறுபடி படத்தை உற்றுப் பார்த்தேன். ஜோயி கொஞ்சம் கூனி நிற்கிறார், டாமி குதிகாலை எக்கியிருக்கிறார்! அவர் தோளை இறக்கி, இவர் குதிகாலைத் தூக்கியதும் நாலு பேரும் ஒரு குழுவாகிவிட்டார்கள்.

ஐந்தாம் பக்கம் முழுக்க கிட்டாரிஸ்ட் ஜானியின் வலது கை. கிட்டார் தந்தியை அவர் மேலிருந்து கீழாகத்தான் அடிப்பார். முதல் ஆல்பத்தில் 29 நிமிடத்தில் 14 பாடலையும் இழுத்துக்கொண்டு போகிற அந்த இரைச்சல் அங்கிருந்துதான் வருகிறது. வேகத்தைக் காட்ட முதலில் கையின் மேலும் கீழும் விசிறி போலக் கோடு இழுத்தேன். வேறு யாரோ வாசிப்பது மாதிரி இருந்தது. மூன்றாவது தாளில் மேல் கோடுகளை அறவே விட்டுவிட்டு, மை காய்ந்த பிரஷ்ஷால் மணிக்கட்டிலிருந்து கீழே மட்டும் நாலு இழுப்பு. கை இறங்கியது தெரிந்தது. இதுவரை வரைந்ததில் எனக்கு மிகப் பிடித்த கட்டம் இதுதான்.

ஆறாவது, ஆர்டுரோ வேகா வடிவமைத்த கழுகு முத்திரை. அமெரிக்க அதிபரின் முத்திரையை எடுத்து, ஆலிவ் கிளை இருந்த இடத்தில் ஆப்பிள் கிளையும், அம்புகள் இருந்த இடத்தில் பேஸ்பால் மட்டையும் வைத்தார். ஜானிக்குப் பேஸ்பால் என்றால் உயிர். முத்திரையைச் சுற்றி நால்வரின் பெயரும் இருக்கும். ஒரு டி-ஷர்ட்டைப் பார்த்து, 1977-க்கான பக்கத்தில் மார்க்கியின் பெயரை எழுதிவிட்டேன். டாமிக்குப் பதிலாக டிரம்ஸ் வாசிக்க மார்க்கி சேர்ந்தது 1978-ல். துண்டுத் தாளில் டாமியின் பெயரை எழுதி மேலே ஒட்டியிருக்கிறேன்.

அடுத்த பக்கத்தில் டாமி டிரம்ஸை விட்டு எழுகிறார். மேடையை விட்டாலும் அடுத்த ஆல்பத்தின் தயாரிப்பில் இருந்தார். அதனால் அவரை ஸ்டூடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மற்றவர்களைப் பார்த்தபடி உட்காரவைக்கப் போகிறேன். பென்சில் கோடு போட்டாயிற்று.