பீட்ரூட் சாயமும் மூடுபனியும்: ஒரு சோலார் செல் ப்ராஜெக்ட் அனுபவம்

எம்.எஸ்சி. இயற்பியல் கடைசி செமஸ்டர் ப்ராஜெக்ட்டுக்கு தின் ஃபிலிம் (மெல்லிய படல) சோலார் செல் எடுக்கலாமா என்று ஜூனியர்கள் கேட்கிறார்கள். தாராளமாக எடுக்கலாம். ஆனால் நீலகிரியில் இருந்துகொண்டு எடுத்தால் என்னென்ன இழுத்தடிக்கும் என்று முன்பே தெரிந்திருப்பது நல்லது. நான் கோத்தகிரிக்காரி. எங்கள் நாலு பேர் குழு பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

வெளிச்சத்தை உறிஞ்சும் படலத்துக்கு காட்மியம் டெல்லுரைடு, சிஐஜிஎஸ் (தாமிரம், இண்டியம், காலியம், செலினியம் சேர்ந்த கலவை) இரண்டையும் முதல் நாளே ஒதுக்கினோம். அதற்கான கருவிகள் எங்கள் கல்லூரியில் இல்லை. பெரோவ்ஸ்கைட் என்ற படிகப் பொருள் மேல் எல்லோருக்கும் ஆசை. 2009இல் 3.8 சதவீதத்தில் தொடங்கிய திறன் (வெளிச்சத்தில் மின்சாரமாக மாறும் பங்கு) இன்று 26ஐத் தாண்டிவிட்டதே! ஆனால் அதற்கு ஈரம் ஆகாது. ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வரும் ஊரில், குளோவ் பாக்ஸ் (ஈரம் புகாத கையுறைப் பெட்டி) இல்லாமல் அதைத் தொடவே வேண்டாம். மிஞ்சியது, சாயமே வெளிச்சத்தை உறிஞ்சும் சாயமேற்றிய செல். 1991இல் ஓ'ரீகன், கிராட்செல் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் காட்டிய வழி அது. டைட்டானியம் டை ஆக்சைடு பசை, ஒரு சாயம், அயோடின் கரைசல், அவ்வளவுதான் சரக்கு. சாயத்துக்கு நமக்கென்ன பஞ்சம்? மார்க்கெட்டில் பீட்ரூட் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது.

செய்முறையில் நாங்கள் சறுக்கிய இடங்களை மட்டும் சொல்கிறேன். எஃப்டிஓ (மின்சாரம் கடத்தும் பூச்சு பூசிய) கண்ணாடியில் ஒரு பக்கம்தான் மின்சாரம் கடத்தும். பார்வைக்கு இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே இருக்கும். அவசரத்தில் மூன்று தட்டுகளில் மறுபக்கத்தில் பசையைத் தடவிவிட்டேன். மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்துத் தொட்டுப் பார்த்தால் அஞ்சு நொடியில் தெரிந்திருக்கும். பசை தடவிய தட்டை 450 டிகிரியில் சுட வேண்டும். எங்கள் உலை அந்தச் சூட்டுக்கு ஏறாமல் மக்கர் பண்ணியது. கோயம்புத்தூரில் தெரிந்த ஒருவரின் லேபுக்குத் தட்டுகளை மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுபோனேன். சுடும்போது படலம் முதலில் பழுப்பாகும், அப்புறம் திரும்பவும் வெள்ளையாகும். பழுப்பைப் பார்த்ததும் கெட்டுப்போச்சு என்று உலையை அணைத்துவிடாதீர்கள். பசையில் இருக்கும் பிணைப்புப் பொருள் எரிகிறது, வேறொன்றும் இல்லை. பீட்ரூட்டை வேகவைக்கவும் கூடாது. அந்தச் சிவப்பு சூட்டைத் தாங்காது. பச்சையாக அரைத்து வடிகட்டி, தட்டை இருட்டில் ஊறப் போடுங்கள்.

எங்களை உண்மையில் கவிழ்த்தது அளவீடுதான். இரண்டு மல்டிமீட்டர், ஒரு 10 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர், 1 சதுர செ.மீ. செல். மாடியில் வைத்துப் பார்த்தோம். 0.34 வோல்ட், 0.13 மில்லி ஆம்பியர், ஃபில் ஃபேக்டர் (இரண்டையும் பெருக்கினால் வருவதில் நிஜமாகக் கிடைக்கும் பங்கு) 0.42. பெருக்கி, வழக்கப்படி 100 மில்லிவாட்டால் (1 சதுர செ.மீ. மேல் விழும் முழு வெயில்) வகுத்தால் திறன் 0.02 சதவீதம் கூட முழுசாக வரவில்லை. நாலு பேருக்கும் முகம் செத்துவிட்டது. அடுத்த வாரம் பளிச்சென்று வெயில் அடித்த ஒரு மதியம், அதே செல் 0.09 சதவீதம் காட்டியது. சாயம் ஒரு வாரத்தில் தேறிவிட்டதா என்ன? இல்லை. முதல் நாள் மாடியில் மூடுபனி. வந்த வெளிச்சம் 100 இல்லை, 20தான். 20ஆல் வகுத்திருந்தால் அன்றைக்கே 0.09 வந்திருக்கும்.

அந்த 20ஐ எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதுதான் உங்களுக்கு வேண்டியது. வெயிலை அளக்கும் பைரனோமீட்டர் இல்லையா, கவலை வேண்டாம். விவரத்தாள் உள்ள ஒரு சின்ன சிலிக்கான் பேனல் வாங்குங்கள். அதன் ஷார்ட் சர்க்யூட் கரன்ட் (இரு முனையையும் நேராக இணைத்தால் ஓடும் மின்னோட்டம்) வெளிச்சத்துக்கு நேர் விகிதத்தில் ஏறி இறங்கும். சதுர மீட்டருக்கு 1000 வாட், அதாவது நம் 100 மில்லிவாட் முழு வெயிலுக்கு எவ்வளவு என்று தாளில் போட்டிருக்கும். மாடியில் அதில் அஞ்சில் ஒரு பங்கு வந்தால் வெளிச்சமும் அஞ்சில் ஒரு பங்குதான். இது தோராயம்தான், ஆனாலும் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) தாக்குப்பிடிக்கும். ஒவ்வொரு அளவீட்டின் பக்கத்திலும் இந்த எண்ணைக் குறித்துவையுங்கள். அந்த மூடுபனி நாளுக்கு முந்தைய மூன்று வார நோட்டில் அது இல்லாததால் அத்தனையும் குப்பைக்குப் போனது.

வைவாவுக்கு வந்த வெளித்தேர்வாளர் பெரியவர், கனிவானவர், ஆனால் விடமாட்டார். "எதும்மா தின்? ஏன் தின்?" என்றுதான் ஆரம்பித்தார். சிலிக்கானின் பேண்ட் கேப் (எலக்ட்ரான் தாண்ட வேண்டிய ஆற்றல் இடைவெளி) மறைமுகமானது, வெளிச்சத்தை மெதுவாகத்தான் உறிஞ்சும், அதனால் 100 மைக்ரானுக்கு மேல் தடிமன் வைக்கிறார்கள். காட்மியம் டெல்லுரைடு நேரடி, 2, 3 மைக்ரான் போதும் என்றேன். தலையாட்டினார். 2024இல் சென்னைப் பக்கம் ஃபர்ஸ்ட் சோலார் என்ற அமெரிக்க நிறுவனம் திறந்த ஆலையில் அதைத்தான் செய்கிறார்கள் என்று சேர்த்துக்கொண்டேன். அது அவருக்குப் பிடித்திருந்தது.

அப்புறம் பயன்பாடு. மனப்பாடம் செய்த வரியை ஒப்பித்தேன்: "சூட்டில் சிலிக்கானை விட இதில் இழப்பு குறைவு சார்."

"கோத்தகிரியில் ஏதும்மா சூடு?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கு வியர்த்தது. ஒரு நிமிடம் எங்கள் லைன் வீட்டை நினைத்துக்கொண்டேன். தகரக் கூரை, அதுவும் பழசு. கண்ணாடி பேனல் ஒன்று இருபது கிலோவுக்கு மேல், அதைத் தாங்காது. வளையும் மெல்லிய படலப் பேனல் அதில் ஒரு சிறு பங்கு கனம்தான், தகரத்தின் மேலேயே ஒட்டலாம். அம்மா தேயிலைக் கொழுந்து எடை போடும் ஷெட்டில் ஒரு விளக்கும் செல்போன் சார்ஜரும் ஓடினால் போதும், அதற்குத் திறன் கொஞ்சம் குறைந்தால் பரவாயில்லை என்றேன். "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார். அடுத்து கால்குலேட்டரில் இருப்பது எந்த வகை என்று கேட்டார். அமார்ஃபஸ் (படிக ஒழுங்கில்லாத) சிலிக்கான் என்றேன், பேண்ட் கேப் சுமார் 1.7 எலக்ட்ரான் வோல்ட், ட்யூப்லைட் வெளிச்சத்துக்குத் தோது. (விரலால் மூடியும் எண்கள் மங்காவிட்டால் உள்ளே பேட்டரி இருக்கிறது என்று அர்த்தம். என்னுடையது அந்த ரகம்.)

நல்ல மதிப்பெண்தான் கிடைத்தது. செல்கள் ஒரு மாதம் கூட ஓடவில்லை. பீட்ரூட் வெளுத்தது, கரைசல் வற்றியது. தட்டுகளை மட்டும் கழுவி அடுத்த பேட்ச்சுக்குக் கொடுத்திருக்கிறோம். கடத்தாத பக்கத்தின் மூலையில் வைர ஊசியால் ஒரு சின்ன கீறல் போட்டிருக்கிறேன். பசையை அதற்கு எதிர்ப்பக்கம் தடவுங்கள்.