மூச்சு தெரிகிறதா பாருங்கள்

ஜனவரி இரண்டாவது வாரம் வந்துவிட்டால் எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளாது. அலாஸ்காவுக்கு மேலே பெரிங், சுக்சி கடல்களில் கோடை முழுக்கத் தின்று கொழுத்த சாம்பல் திமிங்கிலங்கள், மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியாவை நோக்கிப் போகும் வழியில், எங்கள் பக்கத்துக் கலிபோர்னியாக் கரையை அதிகமாகக் கடப்பது அந்த நாட்களில்தான். சான் ஹோசேயிலிருந்து இருட்டோடு கிளம்பினால் ஒன்பது மணிக்குள் பாயின்ட் ரேயிஸ் கலங்கரை விளக்கத்துக்குப் போய்விடலாம். அந்த முனை பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. கரையை ஒட்டியே போகிற பழக்கமுள்ள இந்தத் திமிங்கிலங்கள் அதைச் சுற்றித்தான் போயாக வேண்டும். அதனால் படகு வேண்டாம், டிக்கெட் வேண்டாம், கனமான ஜாக்கெட்டும் ஒரு பைனாகுலரும் போதும்.

2016இல் முதல் தடவை போனபோது இரண்டு மணி நேரம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை. புகைப்படங்களில் வருவது மாதிரி பெரிய வால் எழும்பும் என்று நினைத்துக்கொண்டு பைனாகுலரை இங்கும் அங்கும் திருப்பிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற ஒரு வயதான அம்மா, அங்கே தன்னார்வலராக இருப்பவர், கொஞ்ச நேரம் என்னைக் கவனித்துவிட்டுச் சொன்னார்: முதலில் பைனாகுலரைக் கீழே இறக்குங்கள், வெறும் கண்ணால் கடலை அகலமாகப் பாருங்கள், திமிங்கிலத்தைத் தேட வேண்டாம், மூச்சு தெரிகிறதா பாருங்கள்.

அவர் சொன்ன அஞ்சாவது நிமிடம் தெரிந்தது. தூரத்தில் யாரோ ஊதிவிட்ட மாதிரி ஒரு வெள்ளைப் புகை, மூன்று நான்கு மீட்டர் உயரம், எழுந்து காற்றில் கலைந்துபோனது. சாம்பல் திமிங்கிலத்துக்குத் தலைமேல் இரண்டு மூச்சுத் துளைகள், அதனால் காற்றில்லாத நாளில் அந்த மூச்சு இரண்டாகப் பிரிந்து இதய வடிவத்தில் நிற்கும். முதுகில் துடுப்பு கிடையாது, வால் பக்கம் போகப் போக முட்டி முட்டியாக ஒரு வரிசை மட்டும் இருக்கும். உடம்பெல்லாம் படகடியில் ஒட்டுவது மாதிரி ஒட்டுயிர்கள் பற்றி, சாம்பலும் வெள்ளையுமாகத் திட்டுத் திட்டாகத் தெரியும்.

அப்புறம் கணக்கு பிடிபட்டுவிட்டது. மூன்று முதல் ஐந்து முறை மூச்சு விடும், கடைசியில் வாலைத் தூக்கிக்கொண்டு ஆழத்துக்குப் போகும், மூன்று முதல் ஐந்து நிமிடம் வெளியே வராது. மணிக்கு ஏழெட்டு கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொண்டால், முங்கிய இடத்திலிருந்து ஏறக்குறைய அரை கிலோமீட்டர் தெற்கே கண்ணை வைத்துக் காத்திருக்க வேண்டும், சொல்லிவைத்த மாதிரி அங்கே எழும்பும். காலையில் போவதும் முக்கியம். மேற்குப் பார்த்த கடல், மதியத்துக்கு மேல் வெயில் நேரே கண்ணில் அடித்தால் தண்ணீர் பூரா பளபளத்து ஒன்றும் தெரியாது. மேகமூட்டமாக, காற்று குறைந்து, அலை நுரைக்காமல் இருக்கிற நாள்தான் நல்ல நாள். அந்த முனையில் அப்படி ஒரு நாள் கிடைப்பது பெரிய விஷயம். காற்று பலமாக அடித்தால் கலங்கரை விளக்கத்துக்கு இறங்கும் 313 படிகளையே மூடிவிடுவார்கள்.

போக வர 16,000 கிலோமீட்டருக்கு மேல் நீந்துகிற இந்தப் பயணத்தில் பெரும்பாலும் பட்டினிதான், அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத ஆச்சரியம். கோடையில் சேர்த்த கொழுப்பை வைத்துக்கொண்டே மாதக்கணக்கில் நீந்த வேண்டும், தாய்கள் அதிலேயே குட்டிக்குப் பாலும் கொடுக்க வேண்டும். தின்பதும் ஒரு தனி ரகம். கடலடியில் ஒருக்களித்துப் படுத்து, பெரும்பாலும் வலப்பக்கமாக, சேற்றை உறிஞ்சி, அதிலிருக்கும் இறால் குஞ்சு போன்ற சின்ன உயிர்களை வாயிலுள்ள சல்லடையில் நிறுத்திக்கொண்டு மீதியைத் துப்பிவிடும். அந்தச் சின்ன உயிர்கள் கடல் பனிக்கட்டியின் அடியில் வளர்ந்து கீழே படியும் பாசியை நம்பி வாழ்பவை. பனி குறைந்தால் அந்தப் பாசி குறைகிறது, அவையும் குறைகின்றன.

ஒவ்வொரு தடவையும் எத்தனை பார்த்தேன் என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். 2017 ஜனவரியில் மூன்று மணி நேரத்தில் 31. போன ஜனவரியில் அதே மாதிரி அமைதியான காலை, அதே மூன்று மணி நேரம், 8. என் நோட்டு கணக்கெடுப்பு ஆகாது, ஒரே ஒரு நாள் நின்று பார்க்கிறவன் நான். ஆனால் கார்மெலுக்குத் தெற்கே கிரானைட் கேன்யன் பக்கத்தில் 1967இலிருந்து கரையில் உட்கார்ந்து எண்ணுகிற விஞ்ஞானிகளின் கணக்கும் இதையே சொல்கிறது. 2016இல் 27,000 அளவில் இருந்தவை 2025இல் 13,000 அளவுக்கு வந்துவிட்டன. 2019 முதல் 2023 வரை மெக்சிகோவிலிருந்து அலாஸ்கா வரை 690 திமிங்கிலங்கள் கரையொதுங்கின, பல எலும்பும் தோலுமாக. அந்தப் படங்களைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

ஒரு தடவை மீண்டு வந்த இனம் இது. 1850களில் சார்ல்ஸ் ஸ்கம்மன் என்ற கப்பல் தலைவர் பாஹா உப்பங்கழிகளுக்கு வழி கண்டுபிடித்து உள்ளே புகுந்து, குட்டி போட வந்த தாய்களைக் கொல்லத் தொடங்கினார். குட்டியைக் காக்கப் படகுகளை அடித்து நொறுக்கியதால் இதற்குப் பிசாசு மீன் என்று பேர் வைத்தார்கள். அதே கரையில் சான் இக்னாசியோ உப்பங்கழியில், 1972இல் பாச்சிகோ மயோரல் என்ற மீனவர் தன் படகை உரசிக்கொண்டு நின்ற திமிங்கிலத்தைப் பயந்து பயந்து கையால் தொட்டார், அது விலகவில்லை. 1994இல், எண்ணிக்கை மீண்டுவிட்டதென்று, அமெரிக்காவின் அழிவாபத்துப் பட்டியலிலிருந்தே இந்தக் கரையோரக் கூட்டத்தை எடுத்தார்கள். அவ்வளவு தூரம் வந்த பிறகு இப்போது மறுபடி இந்தச் சரிவு, இந்தத் தடவை ஈட்டி எறிகிற ஒரு ஆளைக் கைகாட்ட முடியவில்லை.

போன ஏப்ரல் கடைசியில் மகளைக் கூட்டிக்கொண்டு கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்திலிருக்கும் சிம்னி ராக்குக்குப் போனேன். வடக்கே திரும்பும் கூட்டத்தில் தாயும் குட்டியும்தான் கடைசியாக வரும், ஆர்க்கா என்கிற கொலையாளித் திமிங்கிலங்களுக்குப் பயந்து கரையை ஒட்டியே வரும். நாலு மணி நேரம் உட்கார்ந்தோம். அவளுக்கு அலுத்துப்போய், காட்டுப் பூக்களை எண்ணிக்கொண்டிருந்தவள் திடீரென்று கத்தினாள்: "அப்பா, அங்க பாருங்க, புகை!"

பாறைக்குக் கீழேயே. ஒரு பெரிய மூச்சு, சத்தத்தோடு. அதை ஒட்டி, அதில் பாதி உயரம்கூட இல்லாமல், இன்னொன்று. அன்றைக்கு நோட்டில் 2 என்று அவளே எழுதினாள்.