பாயசத்துக்குக் கோபித்துப் போன ஐந்து பேர்: புத்தகயா முதல் சாரநாத் வரை

புத்தகயா போகிறவர்கள் பெரும்பாலும் போதி மரத்தோடு கதையை முடித்துக்கொள்கிறார்கள். புத்தர் மரத்தடியில் உட்கார்ந்தார், தவத்தைக் கலைக்க மாரன் வந்து மிரட்டினான், ஞானம் கிடைத்தது, சுபம். எனக்கு அதற்கப்புறம் நடந்ததுதான் பிடிக்கும். அதனால் சாரநாத் வரை போயே தீருவது என்றுதான் கிளம்பினேன்.

மகாபோதி கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது, வெளியே வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். நல்ல ஏற்பாடு, இல்லையென்றால் அந்த மரத்தடி முழுக்க செல்ஃபியாகத்தான் இருக்கும். 55 மீட்டர் உயரக் கோபுரத்துக்குப் பின்னால், மேற்குப் பக்கம் மரம். புத்தர் உட்கார்ந்த அதே மரம் இல்லை. பழையது 1876இல் சாய்ந்துவிட, சில ஆண்டுகள் கழித்து ஆங்கிலேயத் தொல்லியலாளர் கன்னிங்காம் காலத்தில் நட்டது இது. அசோகரின் மகள் சங்கமித்தை இலங்கைக்குக் கொண்டுபோன கிளைதான் அனுராதபுரத்தில் இன்னும் நிற்கிறது, வயதில் அதுதான் மூத்தது.

கோயிலைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது ஆற்றுக்கு அக்கரை. நிரஞ்சனா என்று பெயர்தான் ஆறு, மழைக்காலம் போனால் வெறும் மணல். தாண்டினால் பக்ரௌர் கிராமம், அங்கே சுஜாதை பெயரில் ஒரு செங்கல் ஸ்தூபி. ஆறு வருடம் உடம்பை வருத்தி எலும்பும் தோலுமாகிப்போன சித்தார்த்தருக்கு (துங்கேஸ்வரி குகையில் அந்த விலா எலும்பு தெரியும் சிலை இருக்கிறது, ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்) அவள் பாயசம் கொடுத்தாள், அவர் சாப்பிட்டார். கூடவே இருந்து பணிவிடை செய்துவந்த துறவிகள் ஐந்து பேருக்கும் அது பொறுக்கவில்லை, இவன் சுகவாசியாகிவிட்டான் என்று விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அதில் மூத்தவர் கொண்டஞ்ஞர், குழந்தை சித்தார்த்தனைப் பார்த்து இவன் கட்டாயம் புத்தனாவான் என்று அடித்துச் சொன்னவர் என்கிறது மரபு. அவரே போய்விட்டார்!

ஞானம் பெற்றபின் யாரிடம் முதலில் சொல்வது என்று யோசித்தபோது பழைய ஆசிரியர்களான ஆளார காலாமரும் உத்தக ராமபுத்தரும் நினைவுக்கு வருகிறார்கள், இருவரும் இறந்துவிட்டிருந்தார்கள். அப்புறம்தான் அந்த ஐந்து பேர். அவர்கள் காசிக்குப் பக்கத்தில் மான் வனத்தில், அதாவது இன்றைய சாரநாத்தில் இருந்தார்கள், இன்றைய சாலைக் கணக்கில் சுமார் 250 கிலோமீட்டர்.

புறப்பட்ட கொஞ்ச நேரத்திலேயே உபகன் என்ற ஆசீவகத் துறவி (ஆசீவகம் அந்தக் காலத்து வேறொரு சமயம்) எதிரே வருகிறான். முகம் இப்படிப் பளிச்சென்று இருக்கிறதே, உம் குரு யார் என்கிறான். எனக்குக் குருவே இல்லை, நான் வென்றவன் என்கிறார் புத்தர். இருக்கலாம் ஐயா, என்று தலையை ஆட்டிவிட்டு வேறு வழியில் போய்விடுகிறான். அவ்வளவுதான். உபதேசிக்கப் புறப்பட்ட தங்கள் தலைவரை வழியில் சந்தித்தவன் கண்டுகொள்ளாமல் போனதை பௌத்தர்கள் மறைக்காமல் வைத்திருக்கிறார்கள் பாருங்கள், அந்த நேர்மைக்காகவே இந்தக் கதை எனக்கு உசத்தி.

நான் நடக்கவில்லை, ரயில்தான். காசிக்கு முன்னால் மாளவியா பாலத்தில் வண்டி கங்கையைத் தாண்டும்போது புத்தர் வரலாறு சொல்லும் லலிதவிஸ்தரம் என்ற நூலில் வரும் படகோட்டி ஞாபகம் வந்தது: அவன் கூலி கேட்க, புத்தரிடம் காசில்லை, ஆகாயவழியாகக் கடந்துவிட்டார். விஷயம் கேள்விப்பட்ட மகத மன்னன் பிம்பிசாரன் துறவிகளுக்கு ஓடக்கூலியே வேண்டாம் என்று உத்தரவு போட்டானாம்.

சாரநாத்துக்குள் நுழையுமுன்பே சௌகண்டி ஸ்தூபி. ஐவரும் அவரைத் தூரத்தில் கண்ட இடம் என்கிறார்கள். உச்சியில் உள்ள எண்கோணக் கட்டடம் மட்டும் ஹுமாயூன் முன்பு வந்துபோனதன் நினைவாக 1588இல் கட்டியது, கொஞ்சம் பொருந்தாமல்தான் நிற்கிறது. வந்தால் எழுந்திருக்கக் கூடாது, வணங்கக் கூடாது என்று ஐந்து பேரும் பேசிவைத்திருந்தார்கள். கிட்டே வந்ததும் ஒருவர் பாத்திரத்தை வாங்குகிறார், ஒருவர் கால் கழுவத் தண்ணீர் வைக்கிறார்.

ஆனாலும் சண்டை தீரவில்லை. சுகத்துக்குத் திரும்பியவனுக்கு ஞானம் எப்படி வரும் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். இதை வைத்துப் பார்த்தால் முதல் உபதேசம் ஏன் அப்படித் தொடங்குகிறது என்பது புரியும். புலன் இன்பத்தில் மூழ்குவதும் வீண், உடம்பை வதைப்பதும் வீண், நடுவழி ஒன்று இருக்கிறது. இது அந்தப் பாயசக் குற்றச்சாட்டுக்கு நேர்ப் பதில்! பக்ரௌரைப் பார்க்காமல் நேராக சாரநாத் வருகிறவர்களுக்கு இது வெறும் தத்துவமாகத்தான் தெரியும். அதற்கப்புறம்தான் நான்கு உண்மைகள்: துக்கம் இருக்கிறது (பிடிக்காதவரோடு இருப்பதும், பிடித்தவரைப் பிரிவதும், கேட்டது கிடைக்காததும் அதில் சேர்த்தி), அதற்குக் காரணம் வேட்கை, வேட்கை அற்றால் துக்கமும் அறும், அதற்கு நற்காட்சியில் (சரியான பார்வை) தொடங்கி நல்லொருக்கம் (சரியான மன ஒருமை) வரை எட்டு அங்கம் கொண்ட வழி. முதலில் பிடித்துக்கொண்டவர் கொண்டஞ்ஞரேதான்: தோன்றுவதெல்லாம் மறையும்.

அந்த இடத்தில் தாமேக் ஸ்தூபி, 28 மீட்டர் விட்டத்தில் குண்டாக நிற்கிறது. பக்கத்திலிருந்த தர்மராஜிக ஸ்தூபியை 1794இல் காசி அரசரின் திவான் ஜகத் சிங் சந்தை கட்டச் செங்கல் வேண்டும் என்று பிரித்துவிட்டார், உள்ளே கிடைத்த எலும்புகள் கங்கைக்குப் போயின. வயிறு எரிகிறது.

மியூசியத்தில் கூட்டம் முழுவதும் நான்முகச் சிங்கத்தின் முன்னால்தான். உள்ளே 5ஆம் நூற்றாண்டு புத்தர் சிலை ஒன்று, உபதேசிக்கும் கை முத்திரையோடு இருக்கிறது, அதன் பீடத்தைக் குனிந்து பாருங்கள்: சக்கரத்துக்கு இரு பக்கமும் அந்த ஐந்து பேரும் மண்டியிட்டிருக்கிறார்கள். மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, அதைப் பார்த்து டிக்கெட் போடுங்கள்.