தணிக்கைத் தேதி

அல்சூரில் எங்கள் வீட்டுக்கு பெயிண்ட் அடிக்கும் அண்ணன், 1990இல் இலங்கைப் போருக்குத் தப்பி, சிறுபிள்ளையாகப் படகேறி மண்டபம் வந்து இறங்கியவர். குடும்பம் தமிழ்நாட்டு அகதி முகாமில், பிழைப்பு பெங்களூரில்.

தீபாவளி வெடிச் சத்தம் கேட்டால் பயமாக இருக்குமா என்று என் மாமியார் கேட்டுவிட்டார். (எல்லோருக்கும் முதலில் இந்தக் கேள்விதான் வருகிறது.)

"வெடி பழகிவிட்டது அம்மா. தணிக்கைத் தேதியை மாற்றிவிட்டார்கள் என்று போன் வந்தால்தான் நெஞ்சு படபடக்கிறது."

தணிக்கை என்றால் முகாமில் தலை எண்ணும் நாள். அன்று ஆள் நேரில் நிற்க வேண்டும். இல்லையென்றால் உதவித்தொகைக்கு ஆபத்து, பதிவுக்கும் ஆபத்து. அதனால் பாதிச் சுவரோடு ரோலரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு இரவு பஸ் பிடிக்கிறார். கூலி போகிறது, மேஸ்திரியின் முணுமுணுப்பு வேறு. அடையாள அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைக்கு உள்பையில் வைத்திருக்கிறார். ஏணியில் ஏறும்போதுகூட ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்கிறார்.

1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கைக்கு இடமில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒருவரை வாசலிலேயே நிறுத்திவைத்துவிட்டு, போரை மறக்க ஆலோசனை சொல்வது எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

வேறு ஆளைப் போடுங்கள் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். போடுவதாக இல்லை. உங்களில் யாருக்காவது பெயிண்ட் வேலை இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். தணிக்கைக்கு விடுப்புக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.