இரவு மட்டும் தெரியாத பயிற்றுவிப்பாளர்

"இரவில் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?" அக்கா மகனின் பாடசாலையில், அதிபரின் அறையில், உதைபந்தாட்டப் பயிற்றுவிப்பாளர் அக்காவையும் என்னையும் பார்த்து இப்படிக் கேட்டார். இதே மனிதரைத் திருகோணமலை மக்கெய்சர் மைதானத்தில் பல மாலைகள் பார்த்திருக்கிறேன். எந்தப் பையன் இடது காலால் உதைக்கத் தயங்குகிறான், எவன் ரியூசனைச் சாட்டிவிட்டு டச்சுக்குடாவில் குளிக்கப் போகிறான், எல்லாம் அவருக்கு அத்துப்படி. இரவு மட்டும் தெரியாதாம்.

வெளியூர்ப் போட்டிக்குப் போன அணி, அங்கே ஒரு பாடசாலையின் வகுப்பறைகளில் வாங்குகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்திருக்கிறது. பொறுப்பாகப் போன இந்தச் சேர் தன் நண்பர் வீட்டில் தங்கினார். "கட்டுப்பாட்டைக் கப்டன் பார்த்துக்கொள்வான்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாராம். புதிதாகச் சேர்ந்த பையன்களுக்கு மூத்தவர்கள் அன்றிரவு 'வரவேற்பு' கொடுத்தார்கள். விளக்கை அணைத்துவிட்டுத் தோப்புக்கரணம். ஒருவன் நிறுத்தினால் எல்லோருக்கும் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து. மறுநாள் வெயிலில் அதே கால்களோடு விளையாட்டு.

என் அக்காவின் மகனுக்கு வயது பதினைந்து. வீட்டுக்கு வந்தவன் சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினான். கேட்டால், "மெட்ச்சில் அடிபட்டது, சித்தி." சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போகிறது என்பதை அவனிடமிருந்து வாங்குவதற்குள் அக்கா அழுதே விட்டாள்.

நான் மருத்துவ ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவள். பரிசோதனைப் பட்டி அவன் சிறுநீரில் இரத்தம் இருப்பதாகக் காட்டியது. நுணுக்குக்காட்டியில் பார்த்தால் சிவப்பணுக்கள் இல்லை. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்த முரண் உடனே உறைக்கும். அளவுக்கு மீறி வருத்தப்பட்ட தசை சிதைந்து, அதிலிருக்கும் மையோகுளோபின் என்ற புரதம் இரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. பட்டி அதையும் இரத்தம் என்றே காட்டும். தசை சிதைந்தால் இரத்தத்தில் கூடும் நொதி கிரியேட்டின் கைனேஸ். சில நூறு அலகுகளுக்குள் இருக்கவேண்டிய அது அவனுக்குப் பல்லாயிரத்தில் நின்றது. வாட்டில் சேர்த்து, சேலைன் ஏற்றி, சிறுநீரகத்தைக் காப்பாற்றிவிட்டார்கள்.

எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் கிடைப்பதில்லை. 1997இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பகிடிவதைக்கு உள்ளான தமிழ் மாணவர் ஒருவர் சிறுநீரகம் செயலிழந்துதான் இறந்தார். அடுத்த ஆண்டு பகிடிவதையைத் தடுக்கும் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. இரண்டு ஆண்டுகள் வரை கடூழியச் சிறை. இதை அதிபரிடம் சொன்னபோது, "பல்கலைக்கழகக் கதையை ஏன் இங்கே கொண்டுவருகிறீர்கள்?" என்றார். சிறுநீரகம் நிறுவனம் பார்த்தா பழுதாகிறது?

மூத்த பையன்கள் செய்ததை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் இந்தத் தண்டனையை அவர்கள் எங்கே படித்தார்கள்? பயிற்சிக்குத் தாமதித்தால் சேர் கொடுப்பதும் தோப்புக்கரணம்தான். தண்ணீர் குடிக்கப் போனால் இன்னும் கொஞ்சம். பாடசாலைகளில் உடல்ரீதியான தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் 2016ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை இருக்கிறது. மாணவனை அறைந்த ஆசிரியர் ஒருவரின் வழக்கில், சித்திரவதையையும் கொடூரமான நடத்துகையையும் தடைசெய்யும் அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை மீறப்பட்டதாக 2021இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆசிரியரோடு அரசையும் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அடித்த கையோடு பொறுப்பு முடிந்துவிடவில்லை என்பதுதானே அதன் பொருள்?

அமெரிக்காவில் நியூ ஜேர்சியின் செயர்வில் உயர்நிலைப் பாடசாலையில், 2014இல் இளைய வீரர்களை மூத்தவர்கள் வதைத்ததாக முறைப்பாடு எழுந்தது. ஏழு மாணவர்கள் மீது வழக்கு. அந்தப் பருவத்தின் மிச்சப் போட்டிகள் அத்தனையும் இரத்து. தலைமைப் பயிற்றுவிப்பாளர் மீது குற்ற வழக்கு ஏதும் இல்லை. இருந்தும் அந்தப் பதவி போனது. போட்டிகளை நிறுத்தியது எனக்கு ஒப்பவில்லை. வதைபட்ட பையனுக்கும் அல்லவா விளையாட்டு போய்விடுகிறது? பயிற்றுவிப்பாளரைக் கேள்வி கேட்டது சரி.

இங்கே கேட்டால் நாம்தான் அணியைக் குலைக்க வந்தவர்கள். "மாகாணப் போட்டி வருகிறது, தங்கச்சி, கொஞ்சம் பொறுங்கள்" என்றார் இன்னொரு பையனின் அப்பா. அவருடைய மகனும் அன்றிரவு அந்த வகுப்பறையில்தான் இருந்தான். 1929 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துச் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையிடம் சொல்லிவிட்டோம். வலயக் கல்வி அலுவலகத்துக்கும் கடிதம் கொடுத்தாயிற்று.

அக்காவின் மகனுக்கு மறுபடியும் விளையாட ஆசை. வைத்தியர் அனுமதித்தால் நான் தடுக்கப்போவதில்லை. அடுத்த பயணத்துக்கான சம்மதப் படிவம் போன கிழமை வந்தது. 'எதற்கும் பாடசாலை பொறுப்பல்ல' என்ற வரிக்குக் கீழே பெற்றோர் கையொப்பத்துக்கு மட்டும் இடம். அக்கா பேனாவை எடுத்தாள். நான் படிவத்தை வாங்கி, 'இரவில் மாணவர்களுடன் தங்கும் ஆசிரியரின் பெயர், கையொப்பம்' என்று ஒரு வரி சேர்த்து, வெறுமையாகத் திருப்பி அனுப்பினேன். அந்த இடத்தை நிரப்பி அவர்கள் அனுப்பிய பிறகு அக்கா கையெழுத்திடுவாள்.